கிளட்ச் பிளேட்டுக்கு ஜாமீன்

போன ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையில் ஒரு வளைகாப்பை முடித்துக்கொண்டு திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கீரனூர் தாண்டியதும் கார் ஒரு சத்தம் போட்டது. முன்சீட்டில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த சின்ன மாமனார் தலையைக்கூடத் தூக்காமல், “மாப்பிள்ளை, கிளட்ச் பிளேட் போயிருச்சு” என்றார்.

இன்னும் எனக்கு ஆறவில்லை.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அது குற்றமில்லை, ஓட்டத் தெரிந்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஆனால் சத்தம் வந்தது மூன்றாவது கியரில். நான் எந்த கியரில் போகிறேன் என்பது கிளட்ச் பிளேட்டுக்கு எப்படித் தெரியும்? அது கியர்பாக்ஸுக்கு வெளியே, எஞ்சின் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே யார் யாரோடு பல் கோத்துக்கொள்கிறார்கள் என்பதில் அதற்கு அக்கறையே கிடையாது.

அந்தச் சத்தம் எதனால் வந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதுகிறேன். அதற்கு முன் இந்த கிளட்ச் பிளேட் விவகாரத்தை ஒரேயடியாக முடித்துவிடலாம்.

வண்டி இழுக்கவில்லையா? கிளட்ச் பிளேட். மைலேஜ் கொடுக்கவில்லையா? கிளட்ச் பிளேட். உறுமுகிறது, குலுங்குகிறது, நாறுகிறது, காலையில் கிளம்ப மறுக்கிறது, எல்லாம் கிளட்ச் பிளேட். பரோட்டாக் கடை கல்லாவில் இருப்பவர் சொல்வார். இன்சூரன்ஸ் ஏஜென்ட் சொல்வார். முடி வெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டுச் சொல்வார். இத்தனை பேர் சேர்ந்து சாட்சி சொல்லும்போது, அந்தப் பக்கம் வாதாட ஒரு வக்கீல் வேண்டாமா?

கனம் நீதிபதி அவர்களே, என் கட்சிக்காரர் ஒரு வட்டத் தகடு. ஒரு பக்கம் ஃப்ளைவீல், மறுபக்கம் பிரஷர் பிளேட், நடுவில் இவர். வாழ்நாள் முழுக்க நசுக்கப்படுவதுதான் இவருடைய வேலை. தேய்ந்தால் சத்தம் போடமாட்டார், வழுக்குவார். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் அலறும், வண்டி நகராது. மேம்பாலம் ஏறும்போது தெரியும். கருகல் வாடை வரும். அவ்வளவுதான் இவர் கொடுக்கும் வாக்குமூலம்.

சத்தம் போடுவது யார்? பக்கத்து வீட்டுக்காரர், ரிலீஸ் பேரிங். கிளட்ச் பெடலை மிதித்ததும் உள்ளேயிருந்து ‘கீஈஈ’ என்று வருகிறதே, அது அவர். இதற்கு நேர் எதிராக இன்னொருவர் இருக்கிறார். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, பெடலிலிருந்து காலை எடுங்கள். ‘கொர்ர்ர்’ என்கிறதா? பெடலை மிதியுங்கள். நின்றுவிட்டதா? எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்குள் நுழைகிற இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங்கைப் பிடித்து விசாரியுங்கள். மிதித்தால் அந்த ஷாஃப்ட் சுற்றுவது நிற்கிறது, சத்தமும் நிற்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு காலும் ஒரு காதும் போதும். கீழே படுக்க வேண்டியதுகூட இல்லை. இருந்தும் என் கட்சிக்காரர்தான் கைதாகிறார்.

எதிர்த்தரப்பு இந்த இடத்தில் எழுந்து நிற்கும் என்று தெரியும். ஆமாம், பிளேட்டின் நடுவில் நாலைந்து ஸ்பிரிங்குகள் உண்டு, உடைந்தால் கடகடக்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் பட்டால் வண்டி கிளம்பும்போது உதறும். அதில் இவர் பாதிக்கப்பட்டவர். பாதிக்கப்பட்டவரையா உள்ளே வைப்பது?

பழி இவர்மேல் விழுந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. ரிலீஸ் பேரிங் மாற்றினாலும் சரி, பிளேட் மாற்றினாலும் சரி, பெரும்பாலான வண்டிகளில் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். இறக்குகிற கூலிதான் பெரிய செலவு. அதனால், “இறக்குனதே இறக்குனோம், கையோட பிளேட்டையும் மாத்திருவோம் சார்” என்பார் மெக்கானிக். நியாயமான பேச்சு. செட்டாக மாற்றுவார். சத்தம் போனது பேரிங்கால். பில்லில் முதல் வரியில் இருப்பது கிளட்ச் பிளேட். காரின் சொந்தக்காரர் அடுத்த கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, “எனக்கும் இதே சத்தம்தான், பிளேட் மாத்துனேன், போயிருச்சு” என்று அறிவிப்பார். இலையில் ரசம் ஓடுவதற்குள் நாலு பேர் அதை மனப்பாடம் செய்துகொண்டு ஊருக்குப் போவார்கள். ஒரு நிரபராதியின் வரலாறு இப்படித்தான் எழுதப்பட்டது. (இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருப்பேன். பின்சீட்டிலிருந்து என் மனைவி “ம்ஹூம்” என்றாள்.)

முதல் கியர் போடும்போது ‘கரக்’ என்றாலும் இதே தீர்ப்புதான். வேகம் ஒத்துப்போகாத இரண்டு பற்களைச் சமாதானப்படுத்திச் சேர்த்துவைக்கும் சிங்க்ரோமெஷ், 1928இல்தான் முதன்முதலில் கேடிலாக் கார்களில் வந்தது. அதற்குப் பல வருஷம் கழித்து வந்த நம் பழைய அம்பாசடரிலும் பத்மினியிலும்கூட முதல் கியருக்கு மட்டும் அது கிடையாது. வண்டி முழுக்க நின்ற பிறகு போட வேண்டும். பொறுமை இல்லாவிட்டால் டபுள் கிளட்ச் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ரிவர்ஸில் வரும் ‘ஙொய்ங்’ சத்தத்துக்கும் புகார் சொல்கிறார்கள். மற்ற கியர்களின் பல் சாய்வாக வெட்டியது, ரிவர்ஸுடையது பெரும்பாலும் நேராக வெட்டியது. நேர்ப்பல் அப்படித்தான் கத்தும். ரிவர்ஸ் ஹார்னில் பக்திப் பாட்டு வைத்துத் தெருவையே எழுப்புகிறவர்கள் இதைக் குறையாகச் சொல்வதுதான் தாங்கவில்லை.

திங்கட்கிழமை பட்டறைக்குப் போனேன். அதற்குள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருந்தேன்: ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கி, பாலத்துக் கைப்பிடிச் சுவரை ஒட்டியே ஓட்டி, சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறதா என்று காதை வெளியே நீட்டி. நீங்களும் செய்வதுதான். எனக்கு இது முற்றிப்போய், டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் டிரைவர் செகண்ட் போட்டதும் “சிங்க்ரோ ரிங்கு அவுட்டு” என்று பக்கத்து சீட்காரரிடம் சொல்கிறேன். அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுகிறார்.

“என்ன மாதிரி சத்தம் சார்?” என்றார் மெக்கானிக்.

தலை நரைத்த ஒரு மனிதன் நடுப்பட்டறையில் நின்று, “ங்ங்ங்உர்ர்ர்... அப்புறம் லேசா ஒரு ச்ச்ச்” என்றேன். ஸ்பானர் கழுவிக்கொண்டிருந்த பையன்கள் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். “இன்னொரு தடவ சொல்லுங்க சார்” என்றான் ஒருவன்.

மெக்கானிக் டிரையல் எடுத்தார். கியர் கம்பியின் குமிழை இரண்டு விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு, வாயை லேசாகத் திறந்தபடி ஓட்டினார். அதிர்வு விரலில் ஏறுகிறதா என்று பார்க்கிறார். திரும்பி வந்ததும் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி, தொண்ணூறு நம்பர் ஆயில் ஒரு சொட்டை விரல் நுனியில் எடுத்துத் தேய்த்து வெயிலில் காட்டினார். சாம்பல் நிறத்தில் மாவாக இருந்தால் வழக்கமான தேய்மானம். மஞ்சளாக மினுக்கினால் பித்தளை. சிங்க்ரோ வளையம் கரைகிறது. செதில் செதிலாக வந்தால் பர்ஸை எடுக்க வேண்டியதுதான். இவர் விரலில் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தன.

“நாலாவதுல வருதா?”

நல்ல கேள்வி. என் கார் போன்ற நாலு கியர், பின்சக்கர வண்டியில் நாலாவது கியர் நேரடி; சக்தி மற்ற கியர்களில் போவதுபோல லே ஷாஃப்ட் என்ற துணைத் தண்டின் பக்கம் போகாமல் நேராகப் பின்னால் போய்விடும். நாலாவதில் மட்டும் சத்தம் அடங்கினால் சந்தேகம் லே ஷாஃப்ட் மேல்.

“வரலை.”

“ரெண்டாவதுல?”

“இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்த பழைய கார் புரோக்கர் ஒருவர் பக்கத்தில் வந்தார். “எதுக்கு சார் பாக்ஸ இறக்கிக்கிட்டு? உள்ள கொஞ்சம் மரத்தூள் போட்டுருங்க, கம்முனு ஆயிரும். ஆறவிடாம வித்துரலாம்” என்றார். உலகம் பூராவும் உள்ள பழைய தந்திரம். சத்தம் அடங்கும், வாங்கினவன் அடுத்த மாசம் அழுவான். இப்படிப்பட்ட ஆளிடம் பேச்சே கொடுக்கக் கூடாது.

“எந்த மரம்?” என்றேன்.

“அதெல்லாம் யாரு சார் பாக்குறா” என்றார். “ரெண்டு கைப்பிடி போதும்.”