லாச்சியடிக் கண்ணயர்வு: சிலாபத்து முதலாளிமாரின் பகல் தூக்கம் பற்றிய ஓர் ஆய்வு

சொந்தத் தொழில் செய்பவர் உடம்பையும் கவனிக்க வேண்டும் என்று உபதேசிக்கும் நூல்கள் அவரை அதிகாலையில் நடக்கச் சொல்கின்றன. சிலாபத்தில் அதிகாலை என்பது மீன் வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். நடப்பவர் யாராயினும் கூடையோடுதான் நடப்பார். ஆகவே தனியாளாகக் கடை நடத்துபவருக்கு வாய்த்த ஒரே சுகாதாரத் திட்டம், பகல் இரண்டு மணிக்கு லாச்சிக்குப் பின்னால் கதிரையில் இருந்தபடி போடும் தூக்கமே என்பது இவ்வாய்வின் துணிபு. சட்டத்தில் வேறு வழி தேடிப் பயனில்லை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் கடையில் வேலை செய்பவனுக்கு நாளுக்கு எட்டு மணி நேர வேலை, வாரத்துக்கு ஒன்றரை நாள் லீவு என்று வகுத்தது; அவனுக்குச் சம்பளம் கொடுப்பவர் எப்போது சாய்வது என்பதில் அது வாய் திறக்கவில்லை. 1966இல் அரசாங்கம் ஞாயிறை நீக்கிப் போயா நாட்களை வார விடுமுறையாக்கியது. 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. ஆதவனோ அம்புலியோ, யார் லீவு கொடுத்தாலும் முதலாளியின் கணக்குக் கொப்பிக்கு லீவு கிடைத்ததில்லை.

இனி, தூக்கத்தின் அமைப்பு. தலை சுவரில், பத்திரிகை நெஞ்சில், வலது முழங்கை லாச்சியின் மேல், அதை இழுத்தால் ஆள் சேர்ந்து வரும்படி. சாக்கு மூட்டையில் பூனை ஏறினால் கண் திறக்காது. இனிப்புப் போத்தலில் ஐந்து ரூபாய்க் குற்றி தட்டினால் உடனே திறக்கும். இது அரைத் தூக்கம், பலன் தராது என்பர் சிலர். நாசா நடத்திய ஆய்வில் நெடுந்தூர விமானிகள் தங்கள் இருக்கையிலேயே சராசரியாக 26 நிமிடம் தூங்கி எழுந்து, தூங்காதவர்களைவிட விழிப்போடு விமானம் ஓட்டினார்கள். 2007இல் வெளிவந்த கிரேக்க ஆய்வோ 23,681 பேரை ஆறு ஆண்டுகளுக்கு மேல் கவனித்து, ஒழுங்காகப் பகலில் தூங்குவோரிடம் மாரடைப்பு மரணம் நூற்றுக்கு 37 குறைவு என்றது. வேலைக்குப் போகும் ஆண்களிடம் இது இன்னும் தெளிவு. "விமானி தூங்கும்போது பக்கத்தில் வேறு விமானிகள் இருந்தார்களே" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் முதலாளிக்குப் பக்கத்துக் கடைக்காரர் இருக்கிறார். அவரும் தூங்குகிறார் என்பது வேறு விஷயம். இருவரும் ஒரே நேரத்தில் தூங்குவதால் ஒருவர் வாடிக்கையாளரை மற்றவர் பிடிப்பதில்லை. போட்டியைச் சமன் செய்யும் இத்தகைய ஏற்பாட்டைப் பொருளியலாளர் இன்னும் கவனிக்காதது வியப்பே.

வியாபாரம் நட்டப்படாதா என்பது அடுத்த ஆட்சேபம். அந்த வெயிலில் வருவது பெரும்பாலும் சவர்க்காரத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. அது அவசரப்படாது, இனிப்புப் போத்தலைப் பார்த்தபடி நிற்கும். முன்னேஸ்வரத் திருவிழாக் காலம் மட்டும் விதிவிலக்கு. ஏறக்குறைய ஒரு மாதம், தெதுரு ஓயாவில் தீர்த்தம் முடியும்வரை, ஊரே விழித்திருக்கும்போது முதலாளி தூங்குவது அபசாரமும் நட்டமும் ஆகும். உண்மையான இடைஞ்சல் கைப்பேசி. முன்பு கடை திறந்திருக்கிறதா என்று அறிய விரும்பியவர் வெயிலில் நடந்து வர வேண்டும்; இப்போது வீட்டில் சாய்ந்தபடியே கேட்கிறார். அதை லாச்சிக்குள் போட்டுப் பூட்டலாம் என்பது ஒரு யோசனை. ஆனால் போன் அதிர்ந்தால் உள்ளே சில்லறை கிலுங்கும். அந்தச் சத்தத்துக்கு எழாத முதலாளி சிலாபத்தில் இன்னும் பிறக்கவில்லை.