எங்கே சிரிப்பது?

ஒவ்வொரு மே மாதமும் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிலையங்களிலிருந்து சில அதிகாரிகள் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு விமானம் ஏறுவார்கள். ஹொலிவூட் ஸ்டூடியோக்கள் தங்கள் புதிய தொடர்களின் முதல் அத்தியாயங்களை உலக வியாபாரிகளுக்குப் போட்டுக் காட்டும் சந்தை அது. வெளியே கலிபோர்னிய வெயில். உள்ளே இருட்டறையில் உட்கார்ந்து காலையிலிருந்து மாலைவரை நகைச்சுவைத் தொடர் பார்ப்பதுதான் அவர்களுக்கு உத்தியோகம். சம்பளம் வேறு கொடுக்கிறார்கள். இப்படியொரு வேலை இருக்கிறதென்று எனக்கு உரிய வயதில் யாராவது சொல்லியிருந்தால் நான் கணக்கியல் படித்திருக்க மாட்டேன்.

ஆனால் இது பெண்பார்க்கும் படலம். முதல் அத்தியாயத்துக்குத்தான் ஸ்டூடியோ காசைக் கொட்டும், பூச்சூட்டும், பொட்டு வைக்கும். பின்னால் வரும் அத்தியாயங்களின் குணம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். பிடித்த ஒன்றைக் கேட்டால், பிடிக்காத இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடுவது ஸ்டூடியோக்களின் வழக்கம். பிரெண்ட்ஸ் தொடர் 2004இல் முடிந்ததும் அதிலிருந்து கிளைத்த ஜோயி தொடரை பிரிட்டனின் ஃபைவ் தொலைக்காட்சி ஆசையாய் வாங்கியது. பெரிய இடத்துச் சம்பந்தம்! இரண்டாவது பருவத்தோடு அமெரிக்காவிலேயே கதையை முடித்துவிட்டார்கள்.

இவ்வளவு செலவழித்துக் கூட்டிவந்த மருமகளை பிரிட்டிஷ் மாமியார் நடத்தும் விதம் இருக்கிறதே, அது தனிக்கலை.

முதலில் பெயரை மாற்றுவார்கள். 1962இல் டொப் கட் என்ற பூனைக் கார்ட்டூனை பிபிசி வாங்கியது. அதே பெயரில் இங்கே பிரிட்டனில் கடைகளில் ஒரு பூனைச் சாப்பாடு விற்றுக்கொண்டிருந்தது. பிபிசியில் விளம்பரம் வரக்கூடாது. ஆகவே சில வாரங்களுக்குள் பூனைக்கு பொஸ் கட் என்று பெயர் சூட்டினார்கள். தலைப்புப் பாடலை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. திரையில் ஒரு பெயர், பாட்டில் இன்னொரு பெயர். பூனை எதற்கும் அலட்டிக்கொள்ளவில்லை.

அடுத்தது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது. கொரிய யுத்தகால ராணுவ வைத்தியசாலையைப் பற்றிய மாஷ் தொடருக்கு, வீட்டில் பார்ப்பவர்கள் எங்கே சிரிப்பதென்று தடுமாறக் கூடாதே என்று அமெரிக்காவின் சிபிஎஸ் சிரிப்புச் சத்தத்தைச் சேர்க்கச் சொன்னது. தொடரை உருவாக்கிய லாரி கெல்பார்ட் வேண்டாமென்று மன்றாடிப் பார்த்தார். கடைசியில், சத்திரசிகிச்சைக் காட்சிகளிலாவது யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று சமாதானமானது. 1973இல் அது பிபிசி 2க்கு வந்தபோது இந்தச் சண்டையெல்லாம் இல்லை. சிரிப்பை அடியோடு கழற்றிவிட்டே ஒளிபரப்பினார்கள். போதாக்குறைக்கு, வினாடிக்கு 24 படமாக எடுத்ததை இங்கத்தைய ரீவி முறைப்படி 25 படமாக ஓட்டவேண்டும். எல்லாரும் 4 சதவீதம் வேகமாகப் பேசினார்கள். சிரிப்பும் இல்லை, நிதானமும் இல்லை.

விமர்சகர்களுக்கு அது உயர்ந்த ரசனை. லண்டன் வெம்பிளியில் பெற்றோல் ஸ்டேசனில் வேலை செய்த எங்கள் மாமாவுக்கு அது அநியாயம். அவருடைய ஆங்கிலம் சில்லறை எண்ணப் போதுமானது, பகிடிக்குப் போதாது. சிரிப்புச் சத்தம்தான் அவருக்குக் கைகாட்டி. மறு ஒளிபரப்பு ஒன்றைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, உவன் இப்ப சொன்னது பகிடியோ, இல்லாட்டி உண்மையா ஆரும் சாகப் போறானோ?" என்றார். அந்தத் தொடரைப் பற்றி அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

மாமாவின் கட்சி சனல் 4. அங்கே மருமகளைக் கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். சியர்ஸ், ரோசான், பிரேசியர், பிரெண்ட்ஸ் என்று வெள்ளிக்கிழமை இரவே அமெரிக்கர்களுடையது. பிரெண்ட்ஸை ஸ்டூடியோவில் நிஜமான ஆட்களை உட்காரவைத்து எடுத்தார்கள். அவர்கள் சிரிப்பார்கள், அரை வினாடி பிந்தி மாமாவும் சிரிப்பார், அவர் சிரிப்பதைப் பார்த்து மாமியும் சிரிப்பா. அந்த ஸ்டூடியோ இருந்த பர்பாங்க்கில் தொடங்கிய சிரிப்பு அப்படித்தான் வெம்பிளி வந்து சேர்ந்தது.

சைன்பெல்ட் தொடரின் விஷயம் வேறு. அமெரிக்காவில் 1998 மே மாதம் அதன் கடைசி அத்தியாயத்தைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 7.6 கோடிப் பேர். இங்கே அது பிபிசி 2இல் பெரும்பாலும் நடுச்சாமத்தை ஒட்டி, நேரமும் நிலையில்லாமல் வந்துபோனது. விருந்தாளிகள் போன பிறகுதான் மருமகள் முன்னறைக்கு வரலாம் என்பதுபோல. இங்கிலாந்து குறட்டை விடும் அந்த நேரத்தில் விழித்திருந்தவர்கள் யார்? பின்னேர வேலை முடிந்து வந்து சோற்றுக் கோப்பையோடு ரீவிக்கு முன்னால் குந்திய எங்கள் ஆட்கள்தான். கார் நிறுத்தும் இடத்துக்கும் சூப்புக்கும் வரிசைக்குமாக நான்கு நியூயோர்க்காரர் சண்டை பிடிப்பதை மாமா மொழிபெயர்ப்பில்லாமல் விளங்கிக்கொண்டார். "எங்கட ஒழுங்கையில நடக்கிறதுதானே" என்றார்.

வாங்கியதை ஒளிக்காமல் தாமே செய்து பார்த்த காலமும் உண்டு. அமெரிக்காவின் கோல்டன் கேர்ள்ஸ் தொடரின் பாட்டிமாரை பிரைட்டன் பெல்ஸ் என்ற பெயரில் ஐடிவி 1993இல் இறக்கியது. சில வாரங்களில் நிறுத்திவிட்டது. 1999இல் தட் செவன்டீஸ் ஷோ கதையை டேய்ஸ் லைக் தீஸ் ஆக்கினார்கள். அதைப் பற்றிப் பேசுவதற்கும் ஒன்றுமில்லை. மூலத்தையே சனங்கள் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நகலுக்கு என்ன அவசரம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எல்லாவற்றையும் மிஞ்சியது தி ஒஃபிஸ். 2001இல் பிபிசி 2இல் பிறந்த சுத்த பிரிட்டிஷ் பிள்ளை. அமெரிக்கர்கள் அதை இங்கிலாந்தின் ஸ்லவ் நகரிலிருந்து பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டனுக்குக் கொண்டுபோய், 2005இல் தங்கள் ஆட்களை வைத்து எடுத்தார்கள். அதை ஐடிவி 2 காசு கொடுத்து இங்கே திரும்பக் கொண்டுவந்தது. யாரும் குழம்பக் கூடாதென்று நிகழ்ச்சி நிரலில் 'ஆன் அமெரிக்கன் வேர்க்பிளேஸ்' என்று ஒரு வாலும் சேர்த்தார்கள். இரண்டிலுமே சிரிப்புச் சத்தம் கிடையாது. கமரா ஆடும், ஆட்கள் வேலை செய்யாமல் கமராவைப் பார்த்து முழிப்பார்கள்.

மாமா பத்து நிமிடம் மரியாதையாகப் பார்த்தார். பிறகு ரிமோட்டைத் தேடிக்கொண்டே கேட்டார்: "தம்பி, உந்த நியூஸ் எத்தனை மணிக்கு முடியும்?"