ஜன்னல் சாத்திய ஹோட்டல்கள்

நான் வளர்ந்த காலத்து நீலகிரியில், எங்களைப் போன்ற தோட்டத்துக் குடும்பங்கள் போகிற ஹோட்டல் எதிலும் வெளியே வேடிக்கை பார்க்க வழி கிடையாது. குன்னூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருந்த மெஸ்ஸானாலும் சரி, ஊட்டி கமர்ஷியல் ரோட்டுக்குப் பின்னால் சந்துகளில் இருந்த டீக்கடையானாலும் சரி, முதல் வேலையாக ஜன்னலைச் சாத்தி, வாசலுக்குச் சாக்குப் படுதா தொங்கவிட்டு, அடுப்புச் சூட்டை உள்ளே தேக்கிக்கொண்டுதான் வியாபாரத்தையே தொடங்குவார்கள். வெளியே மலை இருந்தது, பனிமூட்டம் இருந்தது, தேயிலைச் சரிவு இருந்தது. நாளெல்லாம் நம்மை நனைத்து நடுங்க வைத்தவை அவைதானே, சாப்பிடும்போதுமா அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பது? இன்றைக்கு அதே மலையில் புதிதாக எழும்புகிற உணவகங்களுக்குச் சுவரே கண்ணாடிதான். மெனு கார்டைப் புரட்டுவதற்கு முன்பே எல்லோரும் நாற்காலியைச் சரிவுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்கிறார்கள். சூட்டுக்காகப் போன இடத்துக்கு இப்போது காட்சிக்காகப் போகிறார்கள். இந்த ஒரு மாற்றத்துக்குள் மற்ற மாற்றங்கள் அத்தனையும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சூட்டைக் காப்பாற்றுவதே தனித் தொழில். இட்லி மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் ராத்திரி கரைத்து வைத்தால் விடிவதற்குள் பொங்கி மூடியைத் தள்ளுகிற மாவு, மார்கழி தை மாதங்களில் ஊட்டியில் அரைத்த மேனிக்கே கிடக்கும். அதனால் சரக்கு மாஸ்டர் மத்தியானமே ஆட்டி முடித்து, அண்டாவை அடுப்போரம் நகர்த்தி, பழைய கம்பளியைக் கைக்குழந்தைக்குச் சுற்றுவதுபோல் சுற்றி, பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். நடுச்சாமத்தில் தணல் மங்கினால் எழுந்து இன்னொரு சீகைக் கட்டையைச் சொருகிவிட்டு, கம்பளிக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி படுப்பார். அதோடும் முடியவில்லை. ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரி வரைக்கும் காத்திருக்காது, 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பார்வைக்குத் தளதளவென்று கொதிக்கும். உள்ளே துவரம்பருப்பு அசைந்துகொடுக்காது. வாழை இலையும் அந்த உயரத்தில் விளைகிறதில்லை, மேட்டுப்பாளையத்திலிருந்து கட்டுக்கட்டாக பஸ்ஸின் தலையில் ஏறி வரவேண்டும். இத்தனையும் கூடிவந்தால்தான் காலை ஏழு மணிக்கு ஒரு பிளேட் இட்லியும் சாம்பாரும். சாப்பிட்ட எங்களில் யாரும் அதை நினைத்துப் பார்த்ததில்லை. ஆவி பறக்கிறதா என்று மட்டும் பார்த்தோம். இன்று கேஸ் அடுப்பும் பெரிய குக்கரும் வந்துவிட்டன, அரைத்த மாவே பாக்கெட்டில் கிடைக்கிறது, மாஸ்டர் தன் வீட்டுக் கட்டிலில் தூங்குகிறார். அவருடைய தூக்கத்தை எண்ணி நான் மெய்யாகவே சந்தோஷப்படுகிறேன். இட்லி மட்டும் இப்போது எந்த ஊர் இட்லியாகவும் இருக்கிறது.

அப்பா தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தார். சம்பளம் போட்ட பிறகு வருகிற சனிக்கிழமை குன்னூர் மார்க்கெட்டுக்கு அரிசி, பருப்பு வாங்கப் போனால் திரும்பும்போது மெஸ்ஸில் சாப்பாடு உறுதி. தனி மேஜை என்ற பேச்சே கிடையாது, பெஞ்சில் எங்கே இடம் காலியோ அங்கே உட்கார வேண்டியதுதான். ஒருபக்கம் வெலிங்டன் ரெஜிமென்ட் சிப்பாய், இன்னொரு பக்கம் அருவங்காடு கார்டைட் ஃபாக்டரி ஷிஃப்ட் முடித்து வந்தவர், எதிரே வெள்ளைத் தலைப்பாகை கட்டிய படுகப் பெரியவர். நனைந்த கம்பளிக் கோட்டுகள் அடுப்புச் சூட்டில் காய்கிற வாசனையும் ரசம் தாளிக்கிற வாசனையும் கலந்து ஒரே மணமாக நிற்கும். பச்சைத் தேயிலைக்கு ஃபாக்டரிக்காரர் என்ன விலை கொடுக்கிறார், மேட்டுப்பாளையம் மண்டியில் உருளைக்கிழங்கு மூட்டை என்ன போனது, பர்லியாறு பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்திருக்கிறதா என்பதெல்லாம் சாதம் பரிமாறி முடிவதற்குள் தெரிந்துவிடும். சாப்பிட்டதும் ஒரு டம்ளர் ரசம் கேட்டு வாங்கி, குடிக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருப்பார் அப்பா. நானும் அப்படியே செய்வேன். சப்ளையர் ஒருநாளும் எங்களை எழுந்திருக்கச் சொன்னதில்லை.

ஊட்டி என்றால் அது வேறு உலகம். கமிஷனர்ஸ் ரோட்டில் சீனக் குடும்பத்தார் நடத்திய ஷின்கோஸ் 1954 முதல் இருக்கிறது. காலேஜ் படிக்கிற வயதில் காசு சேர்த்துக்கொண்டு போய் அங்கே நூடுல்ஸ் சாப்பிடுவது எங்களுக்கு வெளிநாடு போய் வருவதற்குச் சமம். முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று பக்கத்து மேஜையைப் பார்த்து அறிந்துகொண்ட அந்தப் பையனை இப்போது நினைத்தாலும் எனக்குப் பிரியமாக இருக்கிறது. அவனுக்கு உலகம் முழுவதையும் ருசி பார்த்துவிட ஆசை. ‘இந்து’ ஃபிலிம் சுருள் தயாரித்த ஹெச்.பி.எஃப். ஃபாக்டரி நன்றாக ஓடிய நாட்களில், அங்கே சம்பளம் போட்ட வாரம் சேரிங்கிராஸ் பக்கம் எந்த ஹோட்டலிலும் இடம் கிடைக்காது. ஃபாக்டரி இன்று பூட்டிக் கிடக்கிறது. அந்தக் கூட்டத்தின் இடத்துக்கு சீசன் கூட்டம் வந்தது.

குறைபட்டுக்கொள்ள முடியாத மாற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தச் சூடான மெஸ்ஸுக்குள் அம்மா வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. வந்தால் மூலையில் பச்சைத் திரை போட்ட ‘ஃபேமிலி ரூம்’. வாடைக் காற்றில் காலை முதல் கொழுந்து பறித்த பெண்களும் டீக்கடை வாசலில் நின்றே குடித்துவிட்டுப் போவார்கள்; உள்ளே பெஞ்சில் ஆண்கள். இன்று நாலைந்து பெண்கள் சேர்ந்து குன்னூர் பெட்ஃபோர்ட் பக்கம் ஒரு கடைக்குள் நுழைந்து, நடு மேஜையில் உட்கார்ந்து, சத்தமாகச் சிரித்துக்கொண்டு பரோட்டா சாப்பிடுகிறார்கள். அந்தப் பச்சைத் திரை போனது எனக்குப் பெரிய நிம்மதி.

வர்க்கியைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. விறகடுப்பில் சுட்ட, மேலே முறுகி உள்ளே அடுக்கடுக்காகப் பிரிகிற அந்த வர்க்கி எங்கள் நாளில் டீயின் கூட்டாளி. ஒரு முனையைத் தோய்த்து, ஊறிக் கரைந்து டம்ளரில் விழுவதற்குள் வாய்க்குக் கொண்டுபோக ஒரு கணக்கு வேண்டும். 2023-இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இன்று அது அட்டைப்பெட்டியில் அடங்கி கார் டிக்கியில் ஏறிக் கீழே போகிறது, நல்லதுதான். வாங்கிப் போகிறவர்கள் அதை வெறுமனே கடித்துத் தின்கிறார்களே என்றுதான் வருத்தம்.

டீ விஷயத்துக்கு வருகிறேன், மனசு கனப்பது அங்கேதான். மலையில் விளைந்த நல்ல தேயிலை எல்லாம் ஏலத்துக்குப் போய்விடும், எங்கள் கடைகளில் பாய்லர் வெந்நீரில் விழுந்தது டஸ்ட். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து கோத்தகிரி, கூடலூர், குன்னூர்ப் பக்கம் குடியேறியவர்கள் பிளேன்டீயும் தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் கொண்டுவந்தார்கள். அவர்களிடம்தான் பால் சேர்க்காத டீயின் ருசியை நான் கற்றேன். அன்று ஏழையின் பானமாக இருந்த அதே பாலில்லாத டீ, இன்று குன்னூர் கஃபேக்களில் கண்ணாடிக் கெட்டிலில், வெள்ளைத் தேயிலை என்றும் பனிக்காலக் கொழுந்து என்றும் பெயர் வைத்து வருகிறது. ருசியில் குறை சொல்ல மாட்டேன், அருமையாகவே இருக்கிறது. அண்மையில் ஒரு கஃபேயில் கெட்டிலைக் கொண்டுவந்த பெண், எத்தனை நிமிடம் ஊற வேண்டும், நிறம் எப்படி மாறும் என்று தெளிவாகச் சொன்னாள். எந்த ஊர் என்று கேட்டேன். பக்கத்துத் தோட்டத்து லயன் வீடு. அம்மா கொழுந்து பறிக்கிறாராம். “அம்மா இதைக் குடிச்சிருக்காங்களாம்மா?” என்றேன். “இல்லீங்கய்யா, அவங்களுக்குப் பால் போட்டாத்தான் டீ” என்று சிரித்தாள். அந்த கெட்டிலின் விலை, ஒரு கிலோ பச்சைத் தேயிலைக்கு விவசாயிக்குக் கிடைப்பதைப்போலப் பலமடங்கு. 2023-இல் கோத்தகிரி அருகே சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்து கேட்டது கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு. நாலு, நாலரைக் கிலோ இலை சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது மே மாதம் சீசன் கூட்டத்துக்குப் பயந்து உள்ளூர்க்காரர்கள் டவுனுக்குச் சாப்பிடப் போவதில்லை. 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ்; 2025 கோடையில் நாளுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. அப்படியும் பந்திக்குக் காத்திருப்பவர்கள் படிக்கட்டுவரை நிற்கிறார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை விதித்து ஏ.டி.எம்.மில் குடிநீர் பிடிக்க வைத்தது இந்த மாவட்டம் செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று என்பேன். அந்த அக்கறையை ஹோட்டல்காரர்கள் இன்னும் ஓரடி முன்னே கொண்டுபோகலாம். கண்ணாடிச் சுவர் இருக்கட்டும். பின்கட்டில் சமையலறையை ஒட்டி ஒரு நீளப் பெஞ்சைப் போட்டு, கொழுந்து பறித்துவிட்டு நனைந்து வருகிற பெண்கள் உட்கார்ந்து, இந்த மலையின் நல்ல தேயிலையைப் பால் ஊற்றியோ ஊற்றாமலோ உள்ளூர் விலைக்குக் குடிக்க வழிசெய்ய வேண்டும். அங்கே ஜன்னல் வேண்டாம், சூடு இருந்தால் போதும்.