ஒரே பாத்திரம், ஒரே நீர்: அரிசிம்பருப்பு கேள்வி-பதில்

கேள்வி: கொங்கு நாட்டு அரிசியும் பருப்பும் சாதம், சாம்பார் சாதத்தின் தம்பியா, வெண்பொங்கலின் அண்ணனா?

பதில்: இரண்டுமில்லை, அது தனிக்குடித்தனம். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரப் பேச்சில் அரிசிம்பருப்பு எனப்படும் இச்சாதத்தில், அரிசியும் துவரம்பருப்பும் பச்சையாகவே ஒரே பாத்திரத்தில் இறங்கி, ஒரே நீரில் வெந்து முடிகின்றன. சாம்பார் சாதத்தில் வெந்த சோறும் புளி கரைத்த குழம்பும் பிறகே கூடுகின்றன. வெண்பொங்கலிலோ பாசிப்பருப்பு இடம்பெறுவதோடு, அரிசி நன்கு குழைவதே அதன் இலக்கணமாகவும், தாளிப்பு இறுதி வேலையாகவும் அமைகின்றன. அரிசிம்பருப்புக்குத் தாளிப்பே தொடக்கம். கடுகு, சீரகம், வரமிளகாய் எனப்படும் காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பூண்டு, சின்ன வெங்காயம் ஆகியவை எண்ணெயில் வதங்கி, தக்காளியும் மஞ்சள்தூளும் சேர்ந்த பின்னரே நீர் ஊற்றப்படுவதால், மணம் மேலே நிற்காமல் பருக்கைக்குள் ஏறுகிறது.

கேள்வி: தண்ணீரின் அளவை மட்டும் எவரும் தெளிவாகச் சொல்வதில்லையே?

பதில்: சொல்லலாம். அரிசி மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு என எடுத்துக்கொண்டால், குக்கரில் இரண்டும் சேர்ந்த அளவுக்குப் பச்சரிசியாயின் இரண்டரை மடங்கும், புழுங்கலரிசியாயின் மூன்று மடங்கும் நீர் போதும். திறந்த பாத்திரத்தில் ஆவியாகும் அளவைக் கருதிச் சற்றுக் கூட்ட வேண்டும். வடிசோற்றில் நீர் மிகுந்தால் கஞ்சியாக வடித்துவிட முடியும். இங்கே அந்த வழி இல்லை. ஊற்றியது முழுவதும் சோற்றுக்குள்தான் போயாக வேண்டும் என்பதே இச்சமையலின் கண்டிப்பும் பயனும் ஆகும், ஏனெனில் தயமின் போன்று நீரில் கரையும் வைட்டமின்கள் வடிகஞ்சியோடு வெளியேறாமல் தட்டுக்கே வந்து சேர்கின்றன.

கேள்வி: பருப்பு கல்லாகவும் அரிசி களியாகவும் நிற்கின்றன. குற்றவாளி யார்?

பதில்: பெரும்பாலும் நீர், அடுத்து அவசரம். பருப்பின் உயிரணுக்களைப் பிணைத்து வைத்திருப்பது பெக்டின் என்னும் பொருள். அது கரைந்தால்தான் பருப்பு மசியும். ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பெக்டினை இறுக்குகின்றன, தக்காளியின் புளிப்பு அது கரைவதைத் தாமதப்படுத்துகிறது. ஆகவே பருப்பை ஒரு மணி நேரம் முன்னதாகவும், அரிசியைக் கால் மணி நேரம் முன்னதாகவும் ஊறவைத்து, தக்காளியை ஒன்றோடு நிறுத்துவது நலம். வழக்கமாகப் பழி சுமக்கும் உப்பு இங்கு நிரபராதி. அதிலுள்ள சோடியம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்து, பருப்பு மென்மையடைய உதவவே செய்கிறது.

கேள்வி: தக்காளி சேர்த்தால்தான் பழமையான செய்முறை என்பது சரியா?

பதில்: தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களில் தோன்றி, 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு, ஐரோப்பியர் வழியாக இந்தியாவில் பரவியவை, துவரையோ இந்திய மண்ணிலேயே பயிராக்கப்பட்ட தொன்மையான பயறு. எனவே பழமையை நாடுவோர் தக்காளிக்காக வழக்காடாமல், பருப்பைச் சரியாக வேகவைப்பதில் அக்கறை காட்டுவதே பொருந்தும்.

கேள்வி: காய்கறியும் இறைச்சியும் இல்லாத சோற்றில் என்ன சத்து இருக்கும்?

பதில்: நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 7 கிராம் புரதமும், துவரம்பருப்பில் ஏறத்தாழ 22 கிராம் புரதமும் உள்ளன. புரதத்தின் கட்டுமானக் கூறுகளான அமினோ அமிலங்களுள் லைசின் அரிசியில் குறைவு, பருப்பில் மிகுதி. மெத்தியோனின் பருப்பில் குறைவு, அரிசியில் போதுமானது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால் இவ்விணை வலுவான உணவாகிறது. தை மாதத்தில் பச்சை மொச்சைக் கொட்டை கிடைக்கும்போது ஒரு கைப்பிடி சேர்த்தால் சுவையும் நார்ச்சத்தும் கூடும்.

கேள்வி: இதற்கு வெளியூர் உறவினர் உண்டா?

பதில்: ஏராளம். 14-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த மொராக்கோ பயணி இப்னு பதூதா, அரிசியையும் பாசிப்பயற்றையும் சேர்த்து வேகவைத்து நெய்யோடு காலையில் உண்ணும் கிச்சடி வழக்கத்தைப் பதிவு செய்துள்ளார். கானா நாட்டின் வாச்சே, அரிசியும் தட்டைப்பயறும் சோளத்தின் இலையுறைகளோடு சேர்ந்து வெந்து செந்நிறம் பெறும் உணவு. ஜமைக்காவில் சிவப்பு பீன்ஸும் அரிசியும் தேங்காய்ப்பாலில் வேகும் சாதம் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு உரியது.

கேள்வி: ஒரே பாத்திரத்தில் முடிவதால் இது சோம்பேறிகளின் சமையல்தானே?

பதில்: பல பாத்திரச் சமையலில் ஒன்றில் நேர்ந்த பிழையை மற்றொன்று மறைத்துவிடும், இதில் குழம்பும் இல்லை, வடிப்பதும் இல்லை, மூடிய பின் திருத்துவதற்கும் வழியில்லை. வேகும் வேகத்தில் வேறுபட்ட அரிசியையும் பருப்பையும் ஒரே நேரத்தில் பதத்துக்குக் கொண்டுவர, ஊறல், நீர், நெருப்பு ஆகிய மூன்றையும் முன்னதாகவே கணித்திருக்க வேண்டும். உழைப்பு குறைந்திருப்பது அறிவு கூடியிருப்பதால்தான். ஆகவே சூடான அரிசிம்பருப்பில் நெய் ஊற்றி, அப்பளத்தோடும் தயிரோடும் பரிமாறுபவரைச் சோம்பேறி என்று அழைப்பது நியாயமாகாது.