நாற்காலிக்கு வாக்கப்பட்ட மாப்ளே

என்ன மாப்ளே, வாசல்ல நின்னு மூணு தடவை கூப்பிட்டேன். உள்ளே இருந்து "வாரும் மச்சான்"னு சத்தம் வருது, ஆளைக் காணோம். முப்பத்தாறு வருசம் தாலுகா ஆபீசு நாற்காலியைத் தேச்சது பத்தாதுன்னு, ரிட்டயர் ஆனதும் ஒரு சாய்வு நாற்காலியை வாங்கி அதுக்கே வாக்கப்பட்டுட்டீரு. சீர்வரிசைக்கும் கொறச்சல் இல்ல. வலக்கைப் பக்கம் ரிமோட்டு, இடக்கைப் பக்கம் தண்ணிச் செம்பு, எட்டுற தூரத்துல முறுக்கு டப்பா. மருமக தங்கமான புள்ள. நீரு இருமுனாலே வெந்நியோட வந்து நிக்கா. அந்தப் பாசம்தான்வே உம்ம காலை முடக்குது.

முட்டி வலிக்குன்னு உக்காந்தீரு. உக்காந்து உக்காந்து தொடைச் சதை கரைஞ்சு போச்சு. தொடை தாங்க வேண்டிய பாரமெல்லாம் இப்போ முட்டி தலையில. அதனால வலி கூடுது; வலி கூடுதேன்னு இன்னும் உக்காருதீரு. செக்குமாடாவது நடந்து சுத்தும். நீரு உக்காந்தே சுத்துதீரு.

மகன் பாவம், பிசியோதெரபித் தம்பி ஒருத்தனை ஏற்பாடு பண்ணிருக்கான். வாரம் மூணு நாள் வாரான். நானும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்! வந்ததும் காப்பி. காப்பி முடிஞ்சதும் "தம்பிக்கு எந்த ஊரு?" ஊரு முடிஞ்சதும் "வீட்டுல பொண்ணு பாக்காகளா?" அதுக்குள்ள முக்கா மணி நேரம் ஓடிரும். பெறகு அவனே உம்ம காலைத் தூக்கி, மடக்கி, நீட்டி, வேர்த்து விறுவிறுத்துப் போறான். இப்படியே போனா அந்தத் தம்பிக்குத்தான் உடம்பு முறுக்கேறும். ஆள் வச்சு நாத்து நடலாம் மாப்ளே. ஆள் வச்சுத் தண்டால் எடுக்க முடியுமா?

"எழுபத்திரெண்டு வயசுல இனி சதை வளரவா போகுது"ன்னு மொனங்குதீரு. நானும் அதையேதான் அந்தப் பிசியோதெரபித் தம்பிகிட்ட கேட்டேன். 1990-ல வந்த ஒரு ஆராய்ச்சியைச் சொன்னான். அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம். 86-ல இருந்து 96 வயசு வரைக்கும் 10 பேரு. காலால எடை தூக்க விட்டு, எடையைக் கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டி, 8 வாரம் பழக்குனாங்களாம். ஒருத்தர் நடுவுலயே நின்னுட்டாரு. மத்த 9 பேருக்கும் கால் பலம் சராசரியா ரெண்டு மடங்குக்கு மேல ஏறிட்டு. அதுல ரெண்டு பேரு கைத்தடியை மூலையில சாத்திட்டாங்க. அவங்க முன்னால நீரு எளவட்டம்வே!

சரி, ஒரு ரகசியம் சொல்லுதேன். போன ஐப்பசியில மாடு தள்ளி விழுந்தேன்னு ஊரெல்லாம் சொன்னேன்லா? அந்த மாட்டை வித்து மூணு வருசம் ஆச்சு. ராத்திரி லைட்டுப் போடச் சோம்பப்பட்டு, பாத்ரூம் ஈரத்துல வழுக்குனதுதான் நெசம். அப்பத்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வந்து பயிற்சி குடுத்தாக. 2021-ல வந்த திட்டம், பைசாச் செலவு கிடையாது. உம்மை மாதிரி எந்திக்காத ஆளைக் கணக்குல வச்சுத்தான் பேரே வச்சிருப்பாக போல.

அவுக எனக்கு வச்ச பரீட்சையை உமக்கும் வைக்கேன். சுவரோரமா நாற்காலி. ரெண்டு கையையும் நெஞ்சுல கட்டிக்கிடணும். 30 வினாடியில எத்தனை தடவை எந்திச்சு நிக்கீரு? உம்ம வயசு ஆம்பளைக்கு 12-க்குக் கீழ போனா, விழுந்து அடிபடுற ஆபத்து கூடுதல். நான் முதல்ல எடுத்தது 5. இப்போ 13. பக்கத்துல ஆள் நிக்கட்டும்; தலை சுத்துனாலோ நெஞ்சு வலிச்சாலோ உடனே நிப்பாட்டிரும், வீராப்பு வேண்டாம். பெறகு ஒரு தட்டுச் சோத்தை அரைத் தட்டாக்கி, பருப்பையும் முட்டையையும் கூட்டும். சதைக்கும் தீனி வேணும்லா.

இன்னொண்ணு. கோவில்பட்டி கடலைமிட்டாய் ஒரு பொட்டலம் கொண்டாந்தேன், வாசத் திண்ணையில இருக்கு. நான் எடுத்துத் தர மாட்டேன்; மருமககிட்டயும் சொல்லியாச்சு. உமக்குச் சர்க்கரையும் கெடையாது, பல்லும் கெட்டி.

எறும்பு வரிசை கட்ட ஆரம்பிச்சுட்டு. அதுக்கு ஆறு காலு, உமக்கு ரெண்டு. யாரு முந்துதான்னு பாப்போம்.