ஐந்து மில்லிமீட்டர் எழுத்துக்கு ஒரு நன்றி விண்ணப்பம்

அனுப்புநர்: நேம் பிளேட் அடிப்பவன், கணபதி, கோயம்புத்தூர்.

பெறுநர்: உயர்திரு செயலாளர் அவர்கள், வணிகம் மற்றும் வர்த்தகத் துறை, லண்டன்.

பொருள்: பிரிட்டனில் விற்கும் பொருள்களுக்கு யு.கே.சி.ஏ. முத்திரையைக் கொண்டுவந்து, ஒத்திவைத்து, மறுபடியும் ஒத்திவைத்து, கடைசியில் ‘இஷ்டமிருந்தால் போட்டுக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட்டமைக்கு நன்றி தெரிவித்தலும், புதிய முத்திரை ஒன்று வேண்டுதலும்.

பார்வை: தங்கள் அரசின் 2021 ஆகஸ்டு, 2022 நவம்பர், 2023 ஆகஸ்டு அறிவிப்புகள்.

மகாகனம் பொருந்திய ஐயா அல்லது அம்மணி,

தங்கள் கலெக்டர்களுக்கு எங்கள் ஊரார் மனு எழுதிய காலத்தில் இப்படித்தான் தொடங்குவார்களாம். தீர்வையைக் குறையுங்கள், வாய்க்காலைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டு எழுதிய மனுக்கள் அவை. இந்த மனு அந்த ரகம் இல்லை. தாங்கள் செய்ததையே இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் செய்யுங்கள் என்று கேட்டு எழுதுகிறேன்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பம்பு, மோட்டார், கம்ப்ரஸர் எதை வாங்கினாலும் அதன் உடம்பில் ரிவெட் அடித்த தகடு ஒன்று இருக்கும். குதிரைத்திறன், வோல்டேஜ், சீரியல் நம்பர், செய்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். ஓரத்தில், சரக்கு போகிற நாடு கேட்கிற முத்திரை இருக்கும். உள்ளூருக்கு ஐ.எஸ்.ஐ., ஐரோப்பாவுக்கு சி.இ. பம்பு செய்கிறவர்கள் பம்பைப் பற்றிக் கவலைப்படுவார்கள். எனக்குச் சோறு போடுவது அந்த ஓரம்தான்.

இதில் சி.இ. இருக்கிறதே, அதைப் போல ஒரு சோம்பேறி முத்திரையை நான் பார்த்ததில்லை. 1993-ல் இன்றைய பெயரோடு வந்தது. அப்போது தாங்களும் அந்த ஐரோப்பியக் கூட்டுக்குடும்பத்தில்தான் இருந்தீர்கள். அன்றைக்கு எழுதின இரண்டு எழுத்து இன்றைக்கும் அதே வளைவில், அதே உயரத்தில் நிற்கிறது. ஒரு தடவை ஃபிலிம் எடுத்து வைத்தால் காலத்துக்கும் ஓடும். எழுத்து மாறாத உலகத்தில் எழுத்து வெட்டுகிறவனுக்கு என்ன வேலை? பம்புக் கம்பெனிக்காரர்கள் பழைய தகட்டையே காட்டி, போன வருஷ விலைக்கே கொடுக்கச் சொன்னார்கள்.

இந்த நிலைமையில்தான் 2016 ஜூன் 23-ஆம் தேதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று முடிவு செய்ய, தங்கள் குடிமக்கள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். மீன்பிடி உரிமை, எல்லை, குடியேற்றம் என்று அவரவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். கணபதியில் ஒருவன் பிழைக்கட்டும் என்று நினைத்து யாரும் ஓட்டுப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் பலன் இங்கே வந்து சேர்ந்தது. 2020 ஜனவரி 31-ல் வெளியேறினீர்கள். அந்த வருஷக் கடைசியில் இடைக்காலமும் முடிந்தது. 2021 ஜனவரி 1 முதல் தங்களுக்கென்று யு.கே.சி.ஏ. என்ற தனி முத்திரை பிறந்தது. மேலே யு.கே., அதன் கீழே சி.ஏ., உயரம் ஐந்து மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தகட்டுக்காரன் கண்ணால் பார்த்தால் அருமையான முத்திரை. சி.இ.யில் இரண்டு எழுத்து, இதில் நான்கு. இடம் போதாமல் பலர் தகட்டின் அளவையே கூட்ட வேண்டியிருந்தது. தகட்டைச் சதுர இஞ்ச் கணக்கில் விற்கிறவன் நான் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும்.

புது முத்திரை வந்ததே, பம்புக்குள் எதை மாற்றுவது என்று ஏற்றுமதிக்காரர் ஒருவர் கவலையோடு தங்கள் வழிகாட்டுக் குறிப்பைப் படித்தார். எர்த் ஒயரா, இன்சுலேஷனா, சுழல்கிற பாகத்துக்கு மேல் போடுகிற கார்டா? ஒன்றும் வேண்டாம். தேவைகள் பெரும்பாலும் பழையவையே என்று தாங்களே எழுதியிருந்தீர்கள். தரநிலைகளின் பட்டியலும் ஏறக்குறைய அதேதான், தலைப்புதான் வேறு. ஐரோப்பிய உறுதிமொழிப் பத்திரத்துக்குப் பதில் பிரிட்டன் உறுதிமொழிப் பத்திரம் என்று மேல்வரியை மாற்றி மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். டிசம்பர் 31 ராத்திரி பாதுகாப்பாக இருந்த பம்பு ஜனவரி 1 காலையிலும் அதே அளவு பாதுகாப்பாகத்தான் இருந்தது. அதைச் சொல்கிற தகடு மட்டும் செல்லாமல் போகும் நாள் குறிக்கப்பட்டது. பம்பு செய்கிறவனைத் தொடாமல் தகடு செய்கிறவனை மட்டும் வாழவைத்த சட்டம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை.

பழைய சி.இ. தகடு செல்ல முதல் கெடு 2021 கடைசி வரை. அந்த ஆகஸ்டில் அதை 2023 ஜனவரி 1-க்குத் தள்ளினீர்கள். அது நெருங்கும்போது, 2022 நவம்பரில், 2024 டிசம்பர் 31 என்றீர்கள். இந்த இரண்டு அறிவிப்புக்கும் நடுவில் தங்கள் பிரதமர் நாற்காலியில் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்துவிட்டார்கள். 2023 ஆகஸ்டு 1-ஆம் தேதி, தங்கள் பொறுப்பில் உள்ள பதினெட்டு ஒழுங்குவிதிகளுக்கு சி.இ.யை இனிக் காலவரையறை இல்லாமல் ஏற்றுக்கொள்வோம் என்று அறிவித்தீர்கள். 2024 அக்டோபர் 1 முதல் அது சட்டமாகவும் ஆயிற்று. கட்டுமானப் பொருள்களுக்குத் தனிக் கெடு, மருத்துவக் கருவிகளுக்கு இன்னொரு தனிக் கெடு என்று வைத்தீர்கள். மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தத்தை மாற்றிக்கொண்டே போக, ஒவ்வொரு தேதிக்கும் பத்திரிகை அடித்துக் கொடுத்த அச்சகக்காரன் நிலைமையில் நான் இருந்தேன். கல்யாணம் நின்றாலும் அடித்த பத்திரிகைக்குக் காசு வாங்கிவிட்டேன் என்பதை நன்றியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

பத்திரிகைக்குக் காசு கொடுத்தவர்கள் கதையையும் தாங்கள் கேட்க வேண்டும். தங்கள் சட்டம் யாரைத் தண்டித்தது என்பது அதில்தான் தெரியும்.

ஏற்றுமதிக்காரர்களில் இரண்டு ஜாதி உண்டு. முதல் ஜாதி, அரசாங்கம் சொன்னால் மறுநாள் காலையில் செய்து முடிப்பவர்கள். தங்கள் அறிவிப்பு வந்ததுமே தகட்டை மாற்றினார்கள். புதுப் பத்திரம் தயாரித்தார்கள். மூன்றாம் தரப்புப் பரிசோதனை கட்டாயமான பொருளாக இருந்தால், ஐரோப்பியச் சான்று கையில் இருக்கும்போதே பிரிட்டன் அமைப்பு ஒன்றுக்குத் தனியாகக் கட்டணம் கட்டினார்கள். பிளாஸ்டிக் உறை போடுகிறவர்கள் மோல்டிலேயே எழுத்தை வெட்டிவிட்டார்கள். மோல்டு வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். இரும்பில் ஒரு எழுத்தைக் குழியாக வெட்டுவது சுலபம், பொருளில் அது மேடாக வந்துவிடும். வெட்டினதை எடுப்பதுதான் பாடு. குழியை வெல்டு வைத்து அடைத்து, ராவி, பாலிஷ் போட்டு, அந்த இடத்தில் தழும்பு தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஜாதி, ‘பார்க்கலாம்’ என்றவர்கள். மெயிலைத் திறக்காதவர்கள். தகட்டுக்காரன் போன் செய்தால், ‘அடுத்த வருஷம் பேசிக்கலாமுங்க’ என்று வைத்துவிடுவார்கள். 2021-லும் பார்க்கலாம், 2022-லும் பார்க்கலாம். 2023 ஆகஸ்டில், பார்க்க வேண்டியதே இல்லை என்று ஆகிவிட்டது. அவர்களுக்கு ஒரு பைசா செலவில்லை. அதே பழைய சி.இ. தகட்டோடு அதே துறைமுகத்துக்கு இன்றைக்கும் சரக்கு போகிறது. முந்திக்கொண்டு கீழ்ப்படிந்தவனுக்குத்தான் அபராதம். இந்தப் பாடத்தை எங்கள் பகுதித் தொழிற்பேட்டைகள் நன்றாகப் படித்துக்கொண்டன. இனி லண்டனிலிருந்து எந்த அறிவிப்பு வந்தாலும், நல்ல அறிவிப்பாகவே இருந்தாலும், முதல் இரண்டு வருஷம் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். உயிரைக் காக்கிற விதி ஒன்று நாளைக்கு வந்தாலும் அதற்கும் இதே மரியாதைதான்.

பரிசோதனைச் சாலை விஷயமும் காதில் விழுந்தது. தங்கள் முத்திரைக்குத் தங்கள் நாட்டிலேயே சோதித்துச் சான்று தர வேண்டும் என்று விதி வைத்தீர்கள். வீட்டை வெதுவெதுப்பாக வைக்கிற ரேடியேட்டர்களைச் சோதிக்கப் போதுமான ஆய்வுக்கூட வசதி உள்நாட்டில் இல்லை என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. அத்தனை குளிர் அடிக்கிற நாட்டில்! முத்திரையை முதலில் உண்டாக்கி, அதைக் கொடுக்க ஆள் இருக்கிறதா என்று பிறகு தேடியதில் ஒரு வெள்ளந்தித்தனம் இருக்கிறது. எனக்குப் பிடித்திருந்தது.

இருந்தாலும் தங்கள் படைப்புகளிலேயே எனக்கு மிகவும் பிரியமானது யு.கே.என்.ஐ.தான். அதற்குக் கோயில் கட்டலாம். ஐக்கிய ராஜ்யத்தின் நான்கு பாகங்களில் ஒன்றான வட அயர்லாந்தில், ஐக்கிய ராஜ்யத்தின் முத்திரையான யு.கே.சி.ஏ. தனியாகச் செல்லாது. அங்கே இன்னமும் ஐரோப்பிய விதிதான், சி.இ.தான் வேண்டும். ஆனால் பரிசோதித்தது பிரிட்டன் அமைப்பாக இருந்தால் சி.இ.க்குப் பக்கத்தில் யு.கே.என்.ஐ. என்றும் போட வேண்டும். அது தனியாக நிற்கக் கூடாது, எப்போதும் துணையோடுதான் நிற்க வேண்டும். அப்படித் துணையாக நின்றுவிட்டால் அந்தப் பொருள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைய முடியாது. ஒரு முத்திரையோடு இன்னொரு முத்திரையைச் சேர்த்தால் முதல் முத்திரையின் பலம் குறைகிற கணக்கை நான் எங்கேயும் பார்த்ததில்லை. லண்டன், பெல்ஃபாஸ்ட், டப்ளின் மூன்றுக்கும் ஒரே சரக்கை அனுப்பப் பார்த்த ஒருவர் என் கடைக்கு வந்து, எல்லா எழுத்தையும் ஒரே தகட்டில் போட்டுவிடுங்கள், வேண்டியதை அவர்கள் படித்துக்கொள்ளட்டும் என்றார். கூடாது என்று நான்தான் தடுத்தேன். மூன்று தகடாக விற்றேன்.

இடையில் தாங்களும் பெயரை மாற்றிக்கொண்டீர்கள். முதல் இரண்டு ஒத்திவைப்பை அறிவித்தது வணிகம், எரிசக்தி, தொழில் உத்தித் துறை. 2016-ல் பிறந்து 2023 பிப்ரவரியில் அது கலைந்தது. மூன்றாவதை அறிவித்தது தாங்கள். கட்டட வாசலில் மாட்டியிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிப் புதியது மாட்டியிருப்பீர்கள். அந்த வேலை யாருக்குப் போனது என்று கேட்டால் தப்பாக நினைக்கக் கூடாது. விலைப்புள்ளி தந்திருப்பேன்.

எங்கள் அரசைப் பார்த்துச் சிரிக்காமல் தங்களைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பம்பு முதல் தறி வரை இயந்திரங்களுக்கெல்லாம் பாதுகாப்புச் சான்று கட்டாயம் என்று டெல்லியும் 2024 ஆகஸ்டில் ஆணை போட்டது. ஒரு வருஷத்தில் அமலாகும் என்றார்கள். நாள் நெருங்கியதும் 2026 செப்டம்பர் 1-க்குத் தள்ளினார்கள். ஆட்சிமுறையைத் தங்களிடம்தானே கற்றோம்.

இனிச் சொல்லப்போவது தகட்டுக்காரன் பேசக் கூடாத பேச்சு. 2017 ஜூன் 14-ஆம் தேதி லண்டனில் கிரென்ஃபெல் அடுக்குமாடி எரிந்து 72 பேர் செத்தார்கள். வெளிச்சுவரில் போர்த்திய பலகைதான் தீயைக் கொண்டுபோனது. அந்தப் பலகையும் அதன் பின்னால் இருந்த இன்சுலேஷனும் சான்று இல்லாமல் சுவரில் ஏறவில்லை. செய்தவர்களும் விற்றவர்களும் சோதனை முடிவுகளை வளைத்துச் சந்தையை ஏமாற்றினார்கள் என்று 2024 செப்டம்பரில் வந்த விசாரணை அறிக்கை சொல்கிறது. காகிதம் சொன்னது நிஜமா என்று பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை என்றும் சொல்கிறது. எந்த எழுத்தை எத்தனை மில்லிமீட்டரில் போட்டாலும் அதைப் போடச் சொல்லி என்னிடம் வருகிறவரிடம் நான் கேட்பது அளவும் எண்ணிக்கையும்தான். சோதித்தீர்களா என்று கேட்க எனக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர்கள் அந்தத் தீக்கு அப்புறம் வந்த வருஷங்களில் எழுத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சரி, வியாபாரத்துக்கு வருகிறேன்.

காலவரையறை இல்லாமல் சி.இ.யை ஏற்றதும் என் கடையில் யு.கே.சி.ஏ. ஆர்டர் படுத்துவிட்டது. தகட்டில் பதிக்காமல் ஸ்டிக்கராகவோ கூட வரும் காகிதத்திலோ போட்டால் போதும் என்று 2027 டிசம்பர் 31 வரை வேறு சலுகை கொடுத்துவிட்டீர்கள். ஸ்டிக்கர் தொழில் தனி, அவர்கள் தெரு வேறு. எனக்கு மிச்சமிருக்கும் நம்பிக்கை இரண்டு. 2027 ஜனவரி 20 முதல் ஐரோப்பாவில் இயந்திரங்களுக்குப் புதிய ஒழுங்குவிதி வருகிறது. தங்கள் நாடாளுமன்றமும் 2025 ஜூலையில் பொருள் ஒழுங்குமுறைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி, ஐரோப்பாவோடு ஒட்டிப் போகவும் வெட்டிப் போகவும் அமைச்சருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. இரண்டில் எது நடந்தாலும் எனக்குச் சந்தோஷம். மாறி மாறி நடந்தால் கூடுதல் சந்தோஷம்.

ஆகவே தங்கள் சமூகத்தைப் பணிந்து கேட்டுக்கொள்வது: ஐந்தாறு எழுத்துக்குக் குறையாத புது முத்திரை ஒன்றைச் சீக்கிரம் அறிவிக்க வேண்டும். கெடுவைத் தள்ளுவதாக இருந்தால், முதல் ஜாதிக்காரர்கள் ஆர்டர் கொடுத்து முன்பணம் கட்டிய பிறகு தள்ள வேண்டும். முத்திரையின் ஆர்ட்வொர்க்கைக் கோரல்டிரா ஃபைலாக அனுப்பினால் உபயோகமாக இருக்கும். ஜேபெக்கில் அனுப்பினால் எட்சிங்கில் ஓரம் பிசிறடிக்கும், பிறகு எழுத்து சரியில்லை என்று தங்கள் ஆய்வாளரே சரக்கைத் திருப்பி அனுப்புவார்.

இப்படிக்கு,
தங்கள் அடுத்த அறிவிப்பை எதிர்நோக்கும்,
நேம் பிளேட் அடிப்பவன்.