ஜாக்கி மாமா

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு யாராவது எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் அது ஜாக்கி மாமாதான். "தம்பி, ரெண்டு நிமிஷம் வர்றியா? வண்டியைத் தூக்கணும்" என்பார். போன வாரம் அந்த ரெண்டு நிமிஷம் மத்தியானம் ஒன்றே காலுக்கு முடிந்தது.

இப்படி ஒருவர் உங்கள் தெருவிலும் இருக்கக்கூடும். குரோம்பேட்டையில் எங்களுக்கு வாய்த்தவர், வங்கியின் கடன் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். ஜாமீன் இல்லாமல் ஒரு காசு யாருக்கும் கொடுத்ததில்லை. அந்தப் புத்தியை அப்படியே கார் ஷெட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்.

வண்டி, இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டின் நம்மூர்ப் பிறவி. 1961-லிருந்து வண்டலூர்ப் பக்கம்தான் தயாரானது என்பதால், "நம்ம பக்கத்துப் பொண்ணு" என்று உரிமை கொண்டாடுவார். உருவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் என்பதைக் கேட்காமலே சொல்வார். கேட்டால் இன்னும் நிறையச் சொல்வார் என்பதால் யாரும் கேட்பதில்லை. எடை சுமார் 800 கிலோ. "எண்ணூறு கிலோ, தம்பி. உன் நெஞ்செலும்பு எவ்வளவு தாங்கும்?" எனக்கு அவர் சொல்லும் காலை வணக்கம் இதுதான்.

முதல் அரை மணி, தரைக்கு. சிமெண்டுத் தரைதான், இருந்தாலும் பேரனின் கோலிக்குண்டை நடுவில் வைத்துப் பார்ப்பார். அது உருண்டால் வண்டியும் உருளும் என்பது கணக்கு. மண் தரையில் ஜாக்கி வைக்கிறவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் வாயில் கெட்ட வார்த்தை வரும்.

அடுத்தது கட்டை. போன ஞாயிறு பின் பிரேக் லைனிங் பார்க்க வேண்டியிருந்தது. முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என நாலு கட்டை வைத்தார். "ஹேண்ட் பிரேக் போட்டாப் போதாதா, மாமா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"ஹேண்ட் பிரேக் எதைப் பிடிக்குது?"

"பின் சக்கரத்தை."

"நாம தூக்குறது?"

"பின் சக்கரத்தை."

"அந்தரத்துல தொங்குறதைப் பிடிச்சுக்கிட்டு என்ன செய்யும்? அதோட, டிரம்மைக் கழட்ட ஹேண்ட் பிரேக்கை விட்டே ஆகணும். கியர்ல போட்டு வைக்கலாம்னு சொல்லப்போறே. ஒரு பின் சக்கரம் தரையை விட்டா, டிஃபரன்ஷியல் அதைச் சும்மா சுத்த விட்டுட்டு இன்னொண்ணை உருள விட்டுடும்." கடன் விண்ணப்பத்தை நிராகரித்த திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

வண்டி தரையில் இருக்கும்போதே சக்கர நட்டுகளைக் கால் திருகு தளர்த்தினார். தூக்கிவிட்டு முக்கித் திருகினால் ஜாக்கி சரியும். பிறகு டார்ச்சோடு குனிந்து சேசிஸைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஹெரால்டுக்குத் தனி சேசிஸ். உடம்பு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. துருப்பிடித்த இடத்தில் வைத்தால் ஜாக்கி மேலே போகும், வண்டி போகாது. 'டங்' என்று கேட்ட இடத்தில் சாக்பீஸால் சுழி போட்டார். பிள்ளையார் சுழிதான்.

டிக்கியில் வருகிற ஜாக்கியை அவர் மதிப்பதில்லை. அது வழியில் பஞ்சரானால் சக்கரம் மாற்ற மட்டும். வீட்டுக்கென்று டிராலி ஜாக்கி ஒன்று வைத்திருக்கிறார். அதையும் நம்புவதில்லை. ஜாக்கி தூக்கத்தான், தாங்க அல்ல. தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு. ஆக, ஜாக்கிக்கு ஸ்டாண்டு ஜாமீன். ஸ்டாண்டுக்கு, கழற்றிய சக்கரத்தை சேசிஸுக்கு அடியில் படுக்கப் போட்டது ஜாமீன். எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் ஜாமீன். வண்டியைப் பிடித்து உலுக்கிப் பார்க்கிற வேலை என்னுடையது. உலுக்கியது போதவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்.

இதையெல்லாம் திண்ணையிலிருந்து ரசித்துக்கொண்டிருந்தார் எதிர்வீட்டு அம்பாசடர்க்காரர். அவர் செங்கல் கட்சி. "எங்கப்பா காலத்திலேர்ந்து ஹாலோ பிளாக்தான் சார். நாங்க செத்தா போயிட்டோம்?" என்பார். ஹாலோ பிளாக் சொல்லிக்கொண்டு உடையாது, ஒரே நொடியில் பொலபொலவென்று போய்விடும் என்று மாமா பதில் சொல்வார். முழு வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கிச் சாலை மட்டத்துக்கு மேலே கொண்டுவருகிற ஊரில், ஒரு காரைத் தூக்க இவ்வளவு கலாட்டாவா என்று எனக்கும் தோன்றியதுண்டு. பிறகுதான் உறைத்தது: வீட்டைத் தூக்குகிறவர்களும் ஒற்றை ஜாக்கியை நம்புவதில்லை, வரிசையாக வைக்கிறார்கள்.

லைனிங் நன்றாகவே இருந்தது. பார்க்க நாலு நிமிஷம்.

நடுவில் மாமி காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஜாக்கி நாலு விரல் இறங்கியிருந்தது. சீல் போய், அடியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். வண்டி ஸ்டாண்டின் மேல் அசையாமல் இருந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. எதிர்த் திண்ணையை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். அங்கே பேப்பர் படிக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

இரவல் ஜாக்கி வாங்கி வந்து வண்டியை இறக்கினோம். இறக்கிய பிறகும் பின் சக்கரம் உள்ளே மடங்கியே நின்றது, கால் சுளுக்கிய மாடு மாதிரி. பால்காரர், "ஐயோ, ஆக்ஸில் போச்சா?" என்றார். இந்த ஹெரால்டின் பின்பக்க அமைப்பு அப்படி. தூக்கினால் சக்கரம் தொங்கி உள்ளே சாயும். பத்தடி உருட்டினால் தானாக நிமிரும். நிமிர்ந்தது.

இந்த வாரம் புதன்கிழமை, எதிர்வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். சைலன்சர் வேலையாம்; ஸ்டாண்டு இரவல் வேண்டுமாம். மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ஜாமீன் என்ன வைக்கிறீங்க, சார்?" என்று கேட்டார்.

ஸ்டாண்டு திரும்பி வரும்வரை அம்பாசடரின் ஆர்.சி. புத்தகம் மாமா வீட்டுப் பீரோவில் இருந்தது.